வீட்டில் டயாலிசிஸ்: செல்பேசியில் எதைக் குறித்து அனுப்புவது?

வயிற்றுவழி டயாலிசிஸ் (சிஏபிடி: சிறுநீரகம் செயலிழந்தவரின் வயிற்றுக்குள் குழாய் வழியே திரவத்தை விட்டு, சில மணி நேரம் கழித்துக் கழிவோடு ஒரு பையில் வடிக்கும் முறை) செய்பவர் வீட்டில் இருந்தால், மருத்துவமனை தரும் செயலியோ வாட்ஸ்அப் குழுவோ எதுவானாலும், அதற்குத் தினமும் மூன்று எண்கள் போக வேண்டும்: எடை, இரத்த அழுத்தம், வெளியேறிய நீரின் அளவு.

எடையைக் காலையில், வயிற்று நீரைப் பையில் வடித்த பிறகு, ஒரே தராசில் பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ கூடினால் அது சதையல்ல, உடலில் தங்கிய நீர். நீரளவுக்கு, வடிந்த பையைக் கொக்கித் தராசில் மாட்டி, காலிப் பையின் எடையைக் கழியுங்கள். ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு லிட்டர். இரண்டு லிட்டர் உள்ளே போய் 2.3 லிட்டர் வெளியே வந்தால், 300 மில்லி கூடுதலாக இறங்கியிருக்கிறது. உள்ளே போனதைவிடக் குறைவாகவே தொடர்ந்து வந்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

எண்ணைவிட முக்கியமானது ஒரு படம். வடிந்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியாமல் நீர் கலங்கியிருந்தால், அது வயிற்று உறைத் தொற்றாக இருக்கலாம். படம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அழைத்துப் பேசுங்கள், அந்தப் பையைக் கொட்டாமல் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வயிற்றுவலியோ காய்ச்சலோ சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஸ்மார்ட் கைக்கடிகாரம் நாடித்துடிப்புக்கு உதவும். இரத்த அழுத்தத்துக்கு மேல்கையில் பட்டை கட்டும் கருவியையே நம்புங்கள். ஹீமோடயாலிசிஸுக்காக (இயந்திரம் வழியே இரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறை) கையில் ஃபிஸ்டுலா (அறுவை செய்து தமனியையும் சிரையையும் இணைத்தது) வைத்தவர்கள் அந்தக் கையில் பட்டையும் கடிகாரமும் கட்டவே வேண்டாம்.