ஒரு டேபிளைப் பார்த்து இன்னொரு டேபிளை அப்டேட் செய்வது எப்படி?

மளிகைக் கடை ஒன்றின் டேட்டாபேஸில் 'பொருட்கள்' என்றொரு டேபிள் இருக்கிறது. குறியீடு, பெயர், விலை என்று மூன்று ஃபீல்டு. மொத்த வியாபாரி அனுப்பிய புதிய விலைப்பட்டியலை 'புதுவிலை' என்ற டேபிளில் ஏற்றியாகிவிட்டது; அதில் குறியீடும் விலையும் மட்டும். நாலு பொருள் என்றால் கையாலேயே மாற்றிவிடலாம். நாலாயிரம் என்றால் குவெரிதான் (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளை) வழி.

இங்கே உள்ளது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கான எழுத்துமுறை. 'பொ', 'பு' என்பவை அந்த இரண்டு டேபிள்களுக்கும் 'ஆஸ்' மூலம் வைத்த சுருக்கப் பெயர்கள். படிக்க வசதியாகக் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது செலக்ட், அப்டேட் போன்றவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: முதலில் செலக்ட்

செலக்ட் பொ.குறியீடு, பொ.பெயர், பொ.விலை, பு.விலை
ஃப்ரம் பொருட்கள் ஆஸ் பொ
ஜாயின் புதுவிலை ஆஸ் பு ஆன் பு.குறியீடு = பொ.குறியீடு;

துவரம்பருப்பு 160, 172 என்று பழைய விலையும் புது விலையும் பக்கத்துப் பக்கத்தில் வரும். கண்ணை ஓட்டிப் பாருங்கள். புது விலை காலியாக இருந்தால் அதை இப்போதே சரிசெய்யுங்கள். இல்லையென்றால் அந்தக் காலியிடமும் அப்படியே போய் உட்கார்ந்துவிடும். கடைசியில் மொத்தம் எத்தனை வரிசை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 312 என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: ஒரே குறியீடு இரண்டு முறை இருக்கிறதா?

அவசரத்தில் விட்டுப்போவது இந்தப் படிதான். புதுவிலையில் 101 என்ற குறியீடு ஒருமுறை 172 என்றும் இன்னொரு முறை 178 என்றும் இருந்தால் போஸ்ட்கிரெஸ் பிழை எதுவும் காட்டாது. இரண்டில் ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டுவிடும். எதை எடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

செலக்ட் குறியீடு, கவுண்ட்(*)
ஃப்ரம் புதுவிலை
குரூப் பை குறியீடு
ஹேவிங் கவுண்ட்(*) > 1;

இதற்கு ஒரு வரிகூட வரக் கூடாது. வந்தால் வியாபாரியிடம்தான் கேட்க வேண்டும். எது சரியான விலை என்பது டேட்டாபேஸுக்கு எப்படித் தெரியும்? புதுவிலை டேபிளில் குறியீட்டை பிரைமரி கீ (ஒரே மதிப்பு இரண்டு முறை வர விடாத ஃபீல்டு) ஆக்கிவிட்டால் பட்டியலை ஏற்றும்போதே மாட்டிக்கொள்ளும்.

படி 3: அப்டேட்

பிகின்;
அப்டேட் பொருட்கள் ஆஸ் பொ
செட் விலை = பு.விலை
ஃப்ரம் புதுவிலை ஆஸ் பு
வேர் பு.குறியீடு = பொ.குறியீடு;

செட்டுக்கு அடுத்து வெறும் 'விலை'தான்; 'பொ.விலை' என்று எழுதினால் பிழை வரும். வேர் வரியை விட்டால் உப்புக்கும் நல்லெண்ணெய்க்கும் ஒரே விலை ஏறிவிடும்!

'அப்டேட் 312' என்று பதில் வருகிறதா? படி 1-இல் குறித்த எண்ணோடு ஒத்துப்போனால் 'கமிட்;' கொடுங்கள், மாற்றம் நிலையாகிவிடும். இல்லையென்றால் 'ரோல்பேக்;' கொடுத்தால் போதும், எதுவும் மாறியிருக்காது.

மற்ற டேட்டாபேஸ்களில்

எஸ்க்யூலைட்டில் 3.33 பதிப்பிலிருந்து (2020) இதே வடிவம் ஓடும். மைஎஸ்க்யூஎல்லில் ஜாயின் முன்னால் வரும்:

அப்டேட் பொருட்கள் ஆஸ் பொ
ஜாயின் புதுவிலை ஆஸ் பு ஆன் பு.குறியீடு = பொ.குறியீடு
செட் பொ.விலை = பு.விலை;

எல்லாவற்றிலும் ஓடும் பழைய வடிவம் ஒன்றும் உண்டு:

அப்டேட் பொருட்கள்
செட் விலை = (செலக்ட் பு.விலை ஃப்ரம் புதுவிலை பு
வேர் பு.குறியீடு = பொருட்கள்.குறியீடு)
வேர் எக்ஸிஸ்ட்ஸ் (செலக்ட் 1 ஃப்ரம் புதுவிலை பு
வேர் பு.குறியீடு = பொருட்கள்.குறியீடு);

எக்ஸிஸ்ட்ஸ் பகுதி நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், பட்டியலில் இல்லாத பொருட்களின் விலையெல்லாம் அழிந்து 'நல்' (NULL, அதாவது காலி) ஆகிவிடும். ஜாயின் வடிவத்தில் இந்த ஆபத்து இல்லை என்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன்.

அப்புறம், புதுவிலையில் மட்டும் இருக்கும் பொருட்கள் அப்டேட்டால் சேராது. அவற்றுக்குத் தனியாக, புது வரிசை சேர்க்கும் இன்சர்ட் கட்டளை வேண்டும். போஸ்ட்கிரெஸ் 15 முதல் மெர்ஜ் கட்டளையில் இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.