ஆளைப் பிழைவிடாமல் நோயாளியின் மருத்துவக் கோவையைக் கணினியில் திறப்பது

கிளினிக் மேசையில் “நீங்கள்தானே சிவகுமார்?” என்று கேட்காதீர்கள். காது மந்தமான ஐயா தலையாட்டிவிடுவார். “உங்கட முழுப்பேர் என்ன, எப்ப பிறந்தனீங்கள்?” என்று கேட்டு, அவர் சொல்வதைத் திரையோடு ஒப்பிடுங்கள். இரண்டு அடையாளங்களாவது பொருந்த வேண்டும். கட்டில் இலக்கம் அடையாளமல்ல. விலாசமும் வேண்டாம், இடம்பெயர்ந்து மீளக் குடியேறிய வன்னியில் பழைய விலாசம் அப்படியே கிடக்கும்.

பெயரை மட்டும் தட்டித் தேடினால் சறுக்கும். தவராசாவை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். கலியாணத்துக்குப் பிறகு பெண்ணின் முதலெழுத்தே மாறிவிடும். ஆகவே முதலில் இலங்கைத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தால் தேடுங்கள்.

இங்கேதான் இரட்டைப் பதிவு, அதாவது ஒரே ஆளுக்கு இரண்டு கோவை, பிறக்கிறது. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். புதியதில் 12 இலக்கம். எழுத்தை நீக்கி, முன்னால் 19, பழைய ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 சேர்த்தால் புதிய வடிவம் வரும். இரண்டாலும் தேடிய பிறகே புதுப்பதிவு. அட்டை இலக்கம் பிறந்த ஆண்டோடு தொடங்கும்; அதற்கு அடுத்த மூன்று இலக்கம், பிறந்தது அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது; பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். ஆணின் கோவையில் 500க்கு மேல் கண்டால் நிறுத்துங்கள்.

இரட்டைக் குழந்தைகளைத் தாயின் பெயரோடு “முதலாவது”, “இரண்டாவது” என்று பதியுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு கோவை திறந்திருக்க வேண்டாம். ஒருவரின் மருந்து மற்றவரின் கோவையில் மாறி ஏறுவது அப்படியும் நடக்கும். இரட்டைப் பதிவு கண்டால் நீங்களே அழிக்காமல் பதிவேட்டுப் பொறுப்பாளரிடம் இணைக்கக் கொடுங்கள். அழித்த கோவையில்தான் பெனிசிலின் ஒவ்வாமை எழுதப்பட்டிருக்கும்.