கிணற்றில் குதித்தவர்களுக்கு ஸ்கூபா: கொரோனாக் காலத்தில் அந்தமான் போய்வர ஒரு செய்முறை

எங்கள் பக்கத்தில் நீச்சல் என்றால் கிணறுதான். முதுகில் சுரைப்புருடையை (காய்ந்த சுரைக்குடுக்கையை) மிதவையாகக் கட்டி அப்புச்சி (அம்மாவின் அப்பா) என்னைத் தள்ளிவிட்டபோது எனக்கு ஏழு வயது. பத்து வயதில் மூச்சை அடக்கி அடிமட்டம் வரை போய், ஒரு பிடி சேறு எடுத்துவந்து காட்டுவதுதான் வீரம். அந்தத் தைரியத்தில்தான் 2021 பிப்ரவரியில், திருப்பூரில் பனியன் ஆர்டர்கள் மந்தமாகக் கிடந்த வாரத்தில், சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலடியில் முங்கும் ஸ்கூபாவுக்காக மாப்பிள்ளையும் நானும் அந்தமானுக்குக் கிளம்பினோம். கிணறு சொல்லித் தந்ததில் பாதியைக் கடலில் மறக்கவேண்டியிருந்தது. முதன்முறை போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: முதலில் உடம்பு

பயிற்சி மையங்கள் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காது அறுவை என்று கேள்விகள் இருக்கும். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவர் கையெழுத்து வேண்டும். அதைத் தீவில் போய்த் தேடாதீர்கள், ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கொரோனா வந்து போனவர்கள் படிவத்தில் மறைக்கவே கூடாது. நுரையீரலில் எங்காவது காற்று சிக்கிக்கொள்ளும் அளவுக்குத் தழும்பு இருந்தால், தரையில் தெரியாத அந்தக் குறை மேலே ஏறிவரும்போது ஆளைக் கவிழ்த்துவிடும். நெஞ்சுப் படம், மூச்சுத் திறன் சோதனை இரண்டையும் பார்த்து மருத்துவர் சரி என்றால் மட்டும் போங்கள். மோப்பம் இன்னும் திரும்பவில்லை என்றால் அதையும் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். சிலிண்டர் காற்றில் எண்ணெய் நாற்றம் அடிக்கிறதா என்று இறங்குவதற்கு முன் முகர்ந்து பார்ப்பது வழக்கம். உங்களுக்காக வேறொருவர் முகரவேண்டியிருக்கும்.

படி 2: 48 மணி நேரக் கணக்கு

நாங்கள் போனபோது, பயணத்துக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் ‘நெகட்டிவ்’ சான்று வேண்டும், அதுவும் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எடுத்ததாக இருக்கவேண்டும் என்பது விதி. அப்போது விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. டிக்கெட் போடும் முன்பும் கிளம்பும் முன்பும் அந்தமான் நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

எங்கள் கணக்கு இது: சென்னையிலிருந்து ஞாயிறு காலை 10 மணிக்கு விமானம். வெள்ளி 11 மணிக்குச் சளி மாதிரி கொடுத்தோம். சனி மதியம் முடிவு வந்தது. அன்று இரவு சேரன் எக்ஸ்பிரஸ். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆய்வகம் என் இனிஷியலை விழுங்கி, வயதில் ஒன்பதைக் கூட்டி அச்சடித்துத் தந்திருந்தது. ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்த மாப்பிள்ளை கத்தியிராவிட்டால் விமான நிலையத்தில்தான் தெரிந்திருக்கும். சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள்.

படி 3: பையில் என்ன?

அன்றைக்குப் பனியன் துணி முகக்கவசம் குறைந்தது பத்து வேண்டியிருந்தது. படகில் நனைந்தால் அதில் மூச்சே விட முடியவில்லை. காய்ந்ததை ஜிப் கவரில் போட்டு வைத்தோம். முங்குவதற்கான கண்ணாடி மாஸ்க்கை முடிந்தால் சொந்தமாக வாங்கிவிடுங்கள். அதில் பனி படியாமல் இருக்க எச்சில் துப்பித் தேய்ப்பது முங்குவோரின் பழைய பழக்கம். கொரோனாக் காலத்தில் அதை விட்டுவிட்டோம். குழந்தை ஷாம்பூ ஒரு துளி போதும்.

படி 4: தீவும் மையமும்

போர்ட் பிளேயரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) படகில் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஹேவ்லாக் தீவு. 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றியும் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. போர்ட் பிளேயரில் தமிழ் நன்றாகவே செல்லுபடியாகும்.

மையத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்: சிலிண்டர் காற்றை இழுக்க வாயில் வைக்கும் ரெகுலேட்டரை எதில், எவ்வளவு நேரம் ஊறவைத்துச் சுத்தம் செய்கிறீர்கள்? படகில் எத்தனை பேர்? முங்கியவர் உடம்பில் நைட்ரஜன் குமிழி கட்டினால் சிகிச்சை தரும் அழுத்த அறை அருகில் எங்கே இருக்கிறது? முகம் சுளிக்கிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

ஒரு நாள் அனுபவம் போதும் என்றால் அறிமுக முங்கல். அதிகபட்சம் 12 மீட்டர், பயிற்சியாளர் கூடவே இருப்பார். சான்றிதழ் வேண்டும் என்றால் ‘ஓப்பன் வாட்டர்’ வகுப்பு. மூன்று, நான்கு நாள் ஆகும். 18 மீட்டர் வரை இறங்கலாம். 200 மீட்டர் நீந்திக் காட்டவேண்டும். வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்டவர்களுக்கு அது பெரிதல்ல.

படி 5: மூச்சை அடக்காதீர்கள்

எனக்கு உதைத்த இடம் இதுதான். கிணற்றில் கரையில் இழுத்த மூச்சோடுதான் இறங்குகிறோம். அது கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும், அவ்வளவுதான். ஸ்கூபாவில் அடியில் இருந்துகொண்டே காற்றை இழுக்கிறோம். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் தாங்காது, கிழியும்.

கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் பயிற்சியின்போது நான் மூன்று முறை மூச்சை அடக்கினேன். மூன்று முறையும் பயிற்சியாளர் என் நெஞ்சில் விரலால் தட்டினார். பிறகு ஒரு வழி கண்டேன்: குமிழிகளை எண்ணுவது. காதருகே ‘குடுகுடு’ என்று ஓடும் சத்தம் நின்றால் நான் அடக்கிவிட்டேன் என்று பொருள்.

படி 6: காது

கிணற்றில் பத்தடி போனதும் காது வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போவோம். இங்கே அது கூடாது. வலி வரும் முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை ஊதினாலும் தவறில்லை. அடைத்தால் சற்று மேலே வந்து மறுபடி முயலுங்கள்.

சளி இருந்தால் இறங்கவே வேண்டாம். மாப்பிள்ளைக்கு மூக்கு லேசாக ஒழுகியது. அந்த நாளில் ஒரு தும்மலுக்குப் படகே திரும்பிப் பார்க்கும். அவன் மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்றான். மாத்திரையின் வேகம் அடியில் இருக்கும்போது தீர்ந்தால், மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் முழுவதும் கரையில் இளநீர் குடித்தபடி என்னை முறைத்தான்.

படி 7: அடியில்

கட்டைவிரலை உயர்த்தினால் ‘பிரமாதம்’ அல்ல, ‘மேலே போகலாம்’. நான் மகிழ்ச்சியில் காட்டிவிட, என்னை மேலே கூட்டிவரத் தொடங்கிவிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்பதற்கு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்க்கவேண்டும்.

ஹேவ்லாக்கின் நீமோ ரீஃப் என்ற பவளத்திட்டில், கடல் சாமந்தி என்ற பூப்போன்ற உயிரியின் கைகளுக்குள் விரல் நீளக் கோமாளி மீன் ஒன்று, என் கண்ணாடிக்கு நேராக வந்து முட்டுவதுபோல் நின்றது. ஆரஞ்சு நிறம் மங்கித் தெரிந்தது. ஆழம் கூடக்கூட முதலில் தொலைவது சிவப்புதான். எதையும் தொடாதீர்கள்.

படி 8: திரும்புதல்

ஒருமுறை மட்டும் முங்கினால் 12 மணி நேரமும், பலமுறை என்றால் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேறவேண்டும்; அதற்குள் உயரே போய்க் காற்றழுத்தம் குறைந்தால் அது குமிழியாகிவிடும். நம்மவர்களுக்கு இன்னொன்று: புதுச்சேரியில் முங்கிவிட்டு அன்றிரவே காரில் ஊட்டி ஏறுவதும் இதே தவறு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் ஏறத்தாழ அவ்வளவு உயரத்துக்கு உரியதுதான்.

ஊர் திரும்பி ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு அப்புச்சியைப் பார்க்கப் போனேன். திண்ணைக்கு ஆறடி தள்ளி நிற்க வைத்துக் கேட்டார்:

“எத்தனை அடி இறங்கினாய் சாமி?”

“நாற்பது அடிங்க, அப்புச்சி.”

“நம் கிணறே எண்பது அடி” என்றார்.