பெட்டியைத் திறந்ததும் அடுக்கத் தொடங்காதீர்கள்

பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் நான் சேர்ந்த புதிதில், காலமான ஒரு பேராசிரியரின் வீட்டிலிருந்து 14 அட்டைப்பெட்டிகள் வந்தன. கடிதங்கள், பரீட்சைத் தாள்கள், ரசீதுகள், கல்யாணப் பத்திரிகைகள், கூட்ட நோட்டீஸ்கள் எல்லாம் பழைய வேட்டிக் கிழிசலில் கட்டுக்கட்டாகக் கட்டியிருந்தன. நூலக அறிவியல் படித்த கை சும்மா இருக்குமா? இரண்டே வாரத்தில் எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்து, கடிதம் ஒரு பக்கம், புகைப்படம் ஒரு பக்கம், அச்சிட்டவை ஒரு பக்கம் என்று பிரித்து, ஆண்டுவாரியாக அடுக்கிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து ஓர் ஆய்வு மாணவி, கையொப்பமும் தேதியும் இல்லாத ஒரு கடிதத்தைக் காட்டி, “சார், இது எந்தக் கட்டில் இருந்தது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எந்தக் காகிதத்துக்கு மேலே, எதற்குக் கீழே இருந்தது என்று தெரிந்திருந்தால், எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பதைப் பாதியாவது ஊகித்திருக்கலாம். அந்தத் தடயத்தை அழித்தவன் நான்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இது. செய்யும்போது நல்ல வேலை மாதிரியே தெரியும், அதுதான் சிக்கல். புத்தகத்தை எந்த அலமாரிக்கு மாற்றினாலும் அது அதே புத்தகம். ஆவணம் அப்படியில்லை, பக்கத்துக் காகிதங்களோடு இருக்கும்போதுதான் அது முழுசாகப் பேசும். ஓர் இடத்திலிருந்து வந்த காகிதங்களை இன்னோர் இடத்திலிருந்து வந்தவற்றோடு கலக்கக்கூடாது என்று பிரான்சில் 1841லேயே அரசு சுற்றறிக்கை வந்துவிட்டது. வந்த வரிசையைக் கலைக்காதே என்பதை 1898ல் மூன்று டச்சு ஆவணக் காப்பாளர்கள் விதியாகவே எழுதிவைத்தார்கள். எங்கள் வகுப்பில், புத்தகங்களைப் பாடவாரியாக எண்ணிட்டு அடுக்கும் தசமப் பகுப்புக்கு ஒரு பருவம் முழுக்க ஒதுக்கினார்கள்; இதற்கு ஒரு பக்கம்.

இப்போதெல்லாம் பெட்டி வந்தால், கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். பெட்டிக்கு ஓர் எண், கட்டுக்கு ஓர் எண், எல்லாம் பென்சிலில். அப்புறம்தான் மற்றவை. வரிசையே இல்லாமல் சாக்கில் கொட்டி வருவதும் உண்டு. அங்கே நாம் அடுக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த வரிசை நாம் போட்டது என்று விவரக்குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

அடுத்தது, “இது குப்பை” என்று அவசரமாகக் கழிப்பது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு அழைப்பிதழ்களையும் நோட்டீஸ்களையும்கூட விடாமல் சேர்த்தவர். அவர் மறைந்தபின் அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அமெரிக்காவுக்குக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே 1994ல் ஆராய்ச்சி நூலகமாக அமைத்தார்கள். யாரோ தூக்கிப் போட்டிருக்க வேண்டிய துண்டுக் காகிதத்துக்காக இன்று அங்கே ஆய்வாளர்கள் போகிறார்கள். அதற்காக எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள எந்த நூலகத்திலும் இடமில்லை. ஒரே நோட்டீஸ் மூன்று பிரதி இருந்தால் இரண்டைக் கழிக்கலாம். அதற்கு முன் மூன்றையும் திருப்பிப் பாருங்கள். ஒன்றின் பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதியிருக்கும். அந்தப் பிரதிதான் வேண்டியது.

பட்டியல் போடும்போது நேரும் தவறுகள் தனி ரகம். பழைய கடிதங்களின் தலையில் பிள்ளையார் சுழி இருக்கும். தமிழ் எண்ணில் இரண்டும் அதே வடிவம்தான். தமிழ் எண்களை அப்போதுதான் கற்றுக்கொண்ட ஒருவர் அதை இரண்டாம் பக்கம் என்று படித்து, ஒரு கட்டு முழுக்க “முதல் பக்கம் இல்லை” என்று பதிந்துவைத்ததைப் பார்த்திருக்கிறேன். சிரித்துவிட்டுத் திருத்த மூன்று நாள் ஆனது.

தேதி இன்னும் மோசம். “ருத்ரோத்காரி வருஷம் ஆடி மாதம்” என்று மட்டும் இருந்தால் அது எந்த ஆண்டு? அறுபது வருஷச் சுற்றில் அது 1863ஆகவும் இருக்கலாம், 1923ஆகவும் இருக்கலாம், 1983ஆகவும் இருக்கலாம். உறையில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட தபால்தலை இருந்தால் 1923 என்று சொல்லிவிடலாம். உறையைத் தனியாகப் பிரித்து எடுத்துவிட்டால் அதுவும் போச்சு. றா, னா, லை போன்றவற்றின் பழைய வடிவத்தைப் பார்த்து 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று முடிவுகட்டுவதும் ஆபத்து. அச்சில் மாறினாலும் கை பழையபடிதான் எழுதிக்கொண்டிருந்தது. உறுதியில்லாத ஆண்டை அடைப்புக்குறியில் கேள்விக்குறியோடு போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பெயர்களும் அப்படித்தான். சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒரே ஆள் என்று பட்டியல் சொல்லாவிட்டால், ஒரு பெயரில் தேடுபவருக்கு மறுபெயரில் இருப்பது கிடைக்காது.

காகிதத்தின் மேல் கைவைக்கும் விஷயத்தில் எனக்கு ஒரே கேள்விதான்: நாளைக்கு இதைப் பிரித்தெடுக்க முடியுமா? செல்லோடேப் ஒட்டினால் பிசின் பழுப்பேறி இறங்கும். கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டால் சூட்டோடு ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதத்துக்குச் சேதமில்லாமல் உரிக்க முடியாது. பக்கத்துக்குப் பக்கம் ரப்பர் முத்திரை குத்துவது நூலகத்துப் பழக்கம். அதே கையால் புகைப்படத்தின் முகத்தில் குத்தியவர்கள் உண்டு. குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் துருப்பிடிக்கும் முன் எடுத்துவிடுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அலமாரி நிறைய அந்துருண்டை போடாதீர்கள். அது அங்கே வேலை செய்கிறவர்களின் உடம்புக்குக் கேடு. ஓதத்தைக் குறைத்து, மாதம் ஒருமுறை அலமாரியின் பின்புறத்தைப் பார்த்தாலே பாதிப் பூச்சி வராது. அப்புறம் அந்த வெள்ளைக் கையுறை! படம் எடுக்க வரும் நிருபருக்குப் பிடிக்கும். துணிக் கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து, நொறுங்கும் தாளின் ஓரம் கிழியும். பெரும்பாலான காகிதங்களுக்குக் கழுவித் துடைத்த கையே போதும். புகைப்படத்துக்கு மட்டும் கையுறை வேண்டும், நைட்ரைல் வகை.

“அதான் ஸ்கேன் பண்ணியாச்சே” என்று மேலிடத்திலிருந்து ஒருநாள் கேட்பார்கள். மூலத்தைக் கழித்துவிடலாம் என்பது அதன் பொருள். சம்மதிக்காதீர்கள். நல்ல காகிதம் அலமாரியில் தூங்கியே நூறு வருஷம் இருக்கும். ஹார்டுடிஸ்க் அப்படி இருக்காது. மூலக் கோப்பை டிஃப் (TIFF) என்ற தரம் குறையாத பட வடிவத்தில், குறைந்தது மூன்று பிரதியாக, ஒன்றை வேறு கட்டிடத்தில் வைக்க வேண்டும். “ஸ்கேன்0047” என்று பெயர் வைத்த கோப்பு எந்தக் கட்டைச் சேர்ந்தது என்று அடுத்த வருஷம் யாருக்கும் தெரியாது. யூனிகோடுக்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் வந்தால், எந்த எழுத்துரு என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் திறந்தால் திரையில் வெறும் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும்.

பெட்டி நம்மிடம் இருப்பதால் உரிமையும் நம்மிடம் என்று நினைப்பது இன்னொன்று. ஒருவர் எழுதிய கடிதத்தின் பதிப்புரிமை அதை எழுதியவருடையது. பெற்று வைத்திருந்தவருக்கு இல்லை, அவர் வாரிசு கொடுத்த நூலகத்துக்கும் இல்லை. இந்தியச் சட்டப்படி, எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே வெளியானதற்கு அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும்; அவர் இருக்கும்வரை வெளியாகாத கடிதத்துக்கு, அது முதலில் வெளியான அடுத்த ஆண்டிலிருந்துதான் அந்த 60 ஆண்டுக் கணக்கே தொடங்கும். ஆகவே வாசிக்கக் கொடுப்பது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. நன்கொடை வாங்கும் அன்றே எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். பேரன் வந்து “தாத்தா பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள்” என்று கேட்கும் நாள் வரும்.

கண்காட்சி வைக்கும்போது நூலகத்தின் பெருமையைக் காட்ட மூலத்தையே கண்ணாடிப் பெட்டியில் மாசக்கணக்கில் விட்டுவிடுகிறோம். வெளிச்சத்தால் மங்கிய மை திரும்ப வராது. காகிதத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பதுதான் வழக்கமான வரம்பு. நம் டியூப்லைட் அறையில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். முதல் இரண்டு வாரம் மூலத்தை வைத்துவிட்டு, அப்புறம் நல்ல நகலை வையுங்கள், நகல் என்று சீட்டும் எழுதுங்கள்.

கடைசியாக, செய்ததை எழுதி வைக்காமல் போவது. மாற்றலாகிப் போகிறவரோடு பாதி விவரமும் கிளம்பிவிடுகிறது. அந்தப் பேராசிரியர் தொகுப்பின் விவரக்குறிப்பில் நான் பின்னர் ஒரு பத்தி சேர்த்தேன்: “14 பெட்டிகளும் கட்டுகளாக வந்தன. கட்டுகளைப் பதிவு செய்யாமல் பிரித்து ஆண்டுவாரியாக அடுக்கியது நான். இப்போதுள்ள வரிசை பேராசிரியருடையது அல்ல.” கீழே பெயரும் தேதியும் போட்டிருக்கிறேன்.