கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கறத போட்டோ எடுக்க

கொடைக்கானல் செண்பகனூர் மியூசியத்துல (1895ல ஆரம்பிச்சது) பாடம் பண்ணின மிருகம், பாம்பு, பட்டாம்பூச்சி எல்லாம் கண்ணாடிக்குள்ளதான், சும்மா கிளிக் பண்ணா நம்ம மூஞ்சிதான் விழும். முதல்ல எடுக்கலாமான்னு அங்க இருக்கறவங்ககிட்ட கேட்டுக்கங்க. சரின்னா, ஃபிளாஷ ஆஃப் பண்ணிட்டு போனை கண்ணாடிகிட்ட எவ்ளோ ஒட்டி வைக்க முடியுமோ வச்சு, குளிருக்குப் போத்தியிருக்கற கருப்பு சால்வைய கூட வந்தவங்கள பின்னாடி கூடாரம் மாதிரி பிடிக்கச் சொல்லுங்க, எதிர் ஜன்னல் வெளிச்சம் விழாது (வெள்ளை ஸ்வெட்டர் ஆளு வேணாம், அவரே தெரிவாரு). பெரிய மிருகம்னா ஒட்டி வச்சா அடங்காது, கொஞ்சம் சாய்வா நின்னு எடுங்க. பனி நேரத்துல லென்ஸ ஒரு தடவை துடைச்சுக்கங்க. ஆங், பேர் எழுதின அட்டையையும் தனியா ஒண்ணு எடுத்துடுங்க, வீட்டுக்கு வந்தப்புறம் எது எந்தப் பாம்புன்னு சத்தியமா தெரியாது.