பட்டம் முடித்தவர் சர்வே ஆய்வு வேலையில் சேர்வது எப்படி?

சர்வே என்றதும் எங்கள் ஊரில் நிலம் அளப்பதா என்று கேட்கிறார்கள். நான் சொல்வது, வீடு வீடாகப் போய்த் தொழில், வருமானம், உடல்நலம் பற்றிக் கேட்டுப் பதிவு செய்யும் வேலை. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் இருந்துகொண்டே இதில் சேர்ந்தவள் நான். எந்தப் பட்டம் படித்திருந்தாலும் தொடங்கலாம்.

1. களப்பணியில் சேருங்கள். தேசியக் குடும்பநல ஆய்வு போன்றவற்றுக்கு ஒப்பந்த நிறுவனங்கள் சில மாதங்களுக்கு ஆள் எடுக்கும். நேர்காணலுக்கு முன், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2005, 2010, 2016-இல் எடுத்த மீனவர் கணக்கெடுப்பில் நம் மாவட்டப் பகுதியைப் படியுங்கள்.

2. படிவம் செய்து பழகுங்கள். கோபோ டூல்பாக்ஸ் (KoboToolbox) என்ற கணக்கெடுப்புச் செயலியில் பத்துக் கேள்வி போட்டு, உறவினர் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். சிக்னல் இல்லாத கடற்கரையிலும் பதிவாகும். கூகுள் படிவம் இதற்கு ஆகாது.

3. பூட்டிய வீடு. என் முதல் ஆய்வு தங்கச்சிமடத்தில். ஆய்வுக்காகக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த வீடுகளில் நான்கு பூட்டியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அவர்களிடமே கேட்டு முடித்துவிட்டேன். மேற்பார்வையாளர் நான்கு படிவங்களையும் திருப்பிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. மறுபடி போனபோது விளங்கியது: நான்குமே கடல் தொழில் செய்யும் வீடுகள். ஆண்கள் படகில், பெண்கள் மீன் விற்கப் போயிருந்தார்கள். பகலில் ஆள் இருக்கும் வீடுகளை மட்டும் கேட்டால், மீனவர் ஊரின் கணக்கில் மீனவர் குறைந்துபோவார்.

அதனால் வீட்டை மாற்றாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். "அக்கா, எந்நேரம் வந்தால் பேசலாம்?" என்று கேட்டு, பட்டியலில் வீட்டு எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் போகும். மற்ற நாள் மாலையில் ஆள் கிடைப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். ஆனால், 'கடந்த 30 நாள் வருமானம்' என்ற கேள்விக்கு வரும் பதிலை வைத்து ஆண்டுக் கணக்குப் போடக் கூடாது. தடைக்காலம் என்று குறிப்பு எழுதுங்கள்.

4. நிரந்தர வேலை. மத்திய அரசின் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பணிக்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் பாடமாக இருக்க வேண்டும். அல்லது பட்டத்துடன் 12-ஆம் வகுப்புக் கணிதத்தில் 60 சதவீதம் வேண்டும். மேலே படிக்க மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தைத்தான் நான் சொல்வேன்.

பின்சேர்க்கை: கீழக்கரையில் களப்பணி செய்யும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: துபாயில் இருக்கும் கணவரை வீட்டு உறுப்பினராக எழுதலாமா? தேசிய மாதிரி ஆய்வில் ஒரே சமையலில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்களே ஒரு குடும்பம்; ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவர் அதில் வரமாட்டார். அவர் அனுப்பும் பணத்துக்குத் தனிக் கேள்வி இருந்தால் அங்கே எழுதுங்கள். உங்கள் ஆய்வின் கையேடு வேறு விதமாகச் சொன்னால், கையேட்டின்படியே செய்யுங்கள்.