கிணற்று நீச்சலிலிருந்து டிரையத்லானுக்கு: கொங்கு நாட்டில் பழகுவோருக்கும் பழக்குவோருக்கும்

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து ஒரே போட்டியாக முடிப்பதே டிரையத்லான். 2000ஆம் ஆண்டு சிட்னியில் இது முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஒலிம்பிக் தூரம் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. மிதிவண்டி, 10 கி.மீ. ஓட்டம். புதியவருக்கு அதில் பாதியான ஸ்பிரின்ட் தூரமே போதுமானது. சிறுவர் போட்டிகளில் வயதைப் பார்த்து அதையும் வெகுவாகக் குறைத்து வைப்பார்கள். கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் இதில் ஆர்வம் கொள்வோர் பலர் முதலில் விலையுயர்ந்த மிதிவண்டி வாங்குவதைப் பற்றியே கேட்கிறார்கள். தொடக்க மாதங்களின் பெரும்பகுதியை நீச்சலுக்கே கொடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. மற்ற இரண்டிலும் களைத்தால் ஓரமாக நின்றுகொள்ளலாம், ஆழமான நீரில் அது முடியாது.

முதுகில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டித் தோட்டத்துக் கிணற்றில் நீந்தப் பழகியவர்கள் நம் பகுதியில் ஏராளம். அவர்களுக்கு நீரைக் கண்டு அச்சமில்லை என்பது பெரும் பேறு. ஆனால் கிணற்றின் அகலத்துக்கு மேல் தொடர்ந்து நீந்தும் தேவை அவர்களுக்கு வந்ததில்லை என்பதால், தலையை நீருக்கு மேலே தூக்கியபடியே கைகளை வீசுவார்கள். தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழும். தாழ்ந்த உடலை இழுத்துச் செல்வதிலேயே வலிமை தீர்ந்து, ஐம்பது மீட்டருக்குள் மூச்சு வாங்கிவிடும். இவர்களை நீச்சல் குளத்தின் விளிம்பைப் பிடிக்கச் செய்து, முகத்தை நீருக்குள் வைத்து, மூக்கின் வழியே ‘ம்ம்’ என்று முனகியபடி காற்று முழுவதையும் வெளியேற்றப் பழக்குங்கள். பிறகு தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் மட்டும் திருப்பி, நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் நீருக்குள்ளும் மறுபக்கம் வெளியிலும் இருக்கும்போதே மூச்சை இழுக்க வேண்டும். இது கைவந்த பின்னர்தான் தூரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கீழ்பவானி, காலிங்கராயன் போன்ற வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும் நாட்களில் அங்கே பயிற்சி செய்யலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டவே வேண்டாம். மதகுகளுக்கும் பாலங்களுக்கும் அருகில் நீரின் இழுப்பு மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. வழுக்கும் கரையில் ஏறுவதும் கடினம். உயிர்காப்பாளர் உள்ள குளமே சிறுவருக்கும் பெரியவருக்கும் உரிய இடம்.

மிதிவண்டியைப் பொறுத்தவரை, பள்ளியில் கிடைத்த விலையில்லா மிதிவண்டியே தொடங்குவதற்குப் போதும். தலைக்கவசம் மட்டும் தரமானதாக இருக்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று பல்லடம், உடுமலைச் சாலைகளில் வண்டியை நிறுத்திவிடும் அளவுக்கு வீசும். அந்நாட்களில் முதலில் மேற்கு நோக்கிச் சென்று, களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளுமாறு வழியை அமைத்துக்கொள்ளுங்கள். கியர் உள்ள வண்டியானால், எதிர்காற்றில் கனமான கியரில் முட்டி வலிக்க மிதிக்காமல், கியரைக் குறைத்து நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வரை மிதிப்பது ஓட்டத்துக்குக் கால்களை மிச்சப்படுத்தும். வண்டியை விட்டு இறங்கி ஓடும் முதல் சில நிமிடங்களில் கால்கள் மரத்தாற்போல் இருப்பது இயல்பே. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் மிதித்தவுடன் பத்து நிமிடம் ஓடிப் பழகினால் அது குறையும்.

நீரிலிருந்து வண்டிக்கும் வண்டியிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்தை டிரான்சிஷன் என்பார்கள். இதை வீட்டு வாசலிலேயே பழகலாம். தலைக்கவசத்தைப் பட்டை திறந்த நிலையில், உட்புறம் மேலே தெரியுமாறு கைப்பிடியின் மேல் வையுங்கள். காலணிக்குள் சிறிது முகப்பவுடர் தூவி, கயிற்றுக்குப் பதிலாக எலாஸ்டிக் நாடா கோத்துவிட்டால் ஈரக்கால் தடையின்றி நுழையும். தலைக்கவசப் பட்டையை மாட்டிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும், வண்டியை நிறுத்திய பிறகே பட்டையைக் கழற்ற வேண்டும், குறிக்கப்பட்ட கோட்டைத் தாண்டிய பின்னரே ஏற வேண்டும். பதற்றத்தில் இவற்றை மறப்பவர்கள் தண்டனை பெறுகிறார்கள். ஆகவே கை தானாகச் செய்யும்வரை திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள்.

குழந்தைகளைப் பழக்குவோர் நிறுத்துகடிகாரத்தைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். பத்து வயதுக் குழந்தைக்கு நேரத்தைக் காட்டிலும், மூன்றையும் முடித்துவிட்டு மறுநாளும் வர விரும்புகிறதா என்பதே முக்கியம். ‘பக்கத்து வீட்டுப் பையன் முந்திவிட்டான்’ என்னும் பெற்றோரின் ஒரு சொல் அந்த விருப்பத்தைக் கெடுத்துவிடும். பெரியவர்களிடம் சிக்கல் வேறு: அவர்கள் ஓய்வு நாளிலும் ஓடுவார்கள். நாற்பதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் இதயத்தைச் சோதித்துக்கொண்டு தொடங்கட்டும். சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துக்கொள்ளட்டும்.

போட்டியன்று இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே பழகிய இட்லியை உண்ணுங்கள். புதிய பானம் எதையும் அன்று முதன்முதலாகக் குடித்துப் பார்க்காதீர்கள். நீச்சல் தொடங்கும்போது கூட்டத்தின் நடுவில் நிற்காமல் ஓரத்திலோ பின்வரிசையிலோ நின்றுகொள்ளுங்கள். மூச்சு தடுமாறினால் மிதவையைப் பிடித்து ஓய்வெடுக்கப் பொதுவாக விதிகள் இடம் தருகின்றன. அதைப் பிடித்தபடி முன்னேறத்தான் கூடாது.